நெல்லை எத்தனையாவது இடம்? தேர்ச்சிப் பட்டியலும் தாமிரபரணிப் பள்ளிகளும்

மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் ஒரே கேள்வி ஓடுகிறது: நம்ம மாவட்டம் எத்தனையாவது இடம்? மாணவர்களை மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைப் பள்ளிக் கல்வித்துறை 2017இல் கைவிட்டது. பிள்ளைகள் மேல் விழும் அழுத்தத்தைக் குறைத்த நல்ல முடிவு அது. மாவட்டங்களுக்கு மட்டும் அந்த விடுதலை கிடைக்கவில்லை. தேர்ச்சி விகிதப்படி 38 மாவட்டங்களும் இன்றும் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசை எண்ணின் சுமை முதன்மைக் கல்வி அலுவலரிடமிருந்து தலைமையாசிரியருக்கும், அவரிடமிருந்து பாட ஆசிரியருக்கும், கடைசியில் மாலை ஸ்பெஷல் கிளாசில் உட்கார்ந்திருக்கும் ‘மெல்லக் கற்கும்’ மாணவனுக்கும் இறங்கிவருகிறது.

‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று பாளையங்கோட்டையைச் சொல்லிப் பெருமைப்படும் திருநெல்வேலிக்கு இந்த வரிசை சங்கடம் தருகிறது. 2023ஆம் ஆண்டு பிளஸ் டூவில் விருதுநகர் 97.85 விழுக்காட்டோடு முதலிடம் பெற்றது. அடுத்து திருப்பூர், பெரம்பலூர், கோவை, தூத்துக்குடி. அதே ஆண்டு பத்தாம் வகுப்பில் பெரம்பலூர், சிவகங்கை, விருதுநகர், கன்னியாகுமரி, தூத்துக்குடி. 2024இல் பிளஸ் டூவில் திருப்பூரும் பத்தாம் வகுப்பில் அரியலூரும் முதலிடம். 2025இல் பிளஸ் டூவில் அரியலூரும் பத்தாம் வகுப்பில் சிவகங்கையும் முதலிடம். மூன்று ஆண்டுகளில் வந்த ஆறு பட்டியல்களில் எதிலும் முதல் ஐந்து இடங்களுக்குள் திருநெல்வேலி இல்லை. தென்கோடியின் மற்ற மாவட்டங்களான விருதுநகரும் தூத்துக்குடியும் கன்னியாகுமரியும் மாறிமாறித் தலைகாட்டுகின்றன.

அப்படியானால் நெல்லை பின்தங்கிவிட்டதா? இந்தப் பட்டியலை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையே பட்டியல் காட்டும் வித்தியாசம் சிறியது. மாவட்டத்துக்குள்ளே அது காட்டாத வித்தியாசங்களோ மிகப் பெரியவை. ஆற்றங்கரைக்கும் மலைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும், தெருவுக்கும் தெருவுக்கும் இடையே உள்ளவை அவை.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2024 பிளஸ் டூவில் மாநிலச் சராசரி 94.56. முதலிடத் திருப்பூர் 97.45, கடைசியில் இருந்த திருவண்ணாமலை 90.47. முப்பத்தெட்டு மாவட்டங்களும் ஏழு விழுக்காட்டுப் புள்ளிகளுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் சராசரி இடைவெளி 0.2 புள்ளிகூட இல்லை. இருபதாயிரம் பேர் தேர்வெழுதும் மாவட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டால், நாற்பது பிள்ளைகள் தேறினால் ஒரு படி ஏற்றம், தவறினால் ஒரு படி இறக்கம். ஒரே ஒரு வகுப்பறை அளவிலான ஏற்ற இறக்கத்தை வைத்து மாவட்டத்தின் கல்வித் தரத்தைத் தீர்மானிக்கிறோம்.

அதே ஆண்டு, அதே தேர்வில் மாணவியர் தேர்ச்சி 96.44. மாணவர் தேர்ச்சி 92.37. வித்தியாசம் நான்கு புள்ளிக்கு மேல், அதாவது மாவட்ட வரிசையில் சுமார் இருபது படிகளுக்குச் சமம். பையன்கள் ஏன் பள்ளியைவிட்டு நழுவுகிறார்கள் என்ற கேள்வி, எந்த மாவட்டம் எந்த இடம் என்ற கேள்வியைவிடப் பல மடங்கு கனமானது. ஆனால் தலைப்புச் செய்தியில் இடம் பிடிப்பது இரண்டாவது கேள்விதான்.

பத்தாம் வகுப்புப் பட்டியல் சற்று வேறு. 2024இல் அரியலூர் 97.31, வேலூர் 82.07. பதினைந்து புள்ளி வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. முந்தைய ஆண்டு கடைசி இடம் வேலூருக்குப் பக்கத்து ராணிப்பேட்டைக்கு. வட மாவட்டங்களில் பத்தாம் வகுப்பு ஒரு பெரிய தடையாக நிற்கிறது. தெற்கில் அந்தத் தடை பெரும்பாலும் தாண்டப்பட்டுவிட்டது. பட்டியல் நேர்மையாகச் சொல்லும் செய்தி இது ஒன்றே. தெற்கத்தி மாவட்டங்கள் தங்களுக்குள் யார் முந்தி என்று அடித்துக்கொள்வதற்கு இதில் ஆதாரமில்லை.

விகிதம் என்றால் வகுக்கும் எண் ஒன்று உண்டு. தேர்ச்சி விகிதத்தில் அந்த எண், தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கை. 2023 பிளஸ் டூ தேர்வை எழுதியவர்கள் ஏறத்தாழ 8.03 லட்சம், தேறியவர்கள் 7.55 லட்சம். 94.03 விழுக்காடு இப்படித்தான் வந்தது. ஆனால் தேர்வுக்குப் பதிவு செய்திருந்தவர்கள் 8.5 லட்சம். அந்த ஆண்டு முதல்நாள் தமிழ்த் தேர்வுக்கே 50,000 பேருக்கு மேல் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே அதிரவைத்தது. பதிவு செய்தவர்களை வைத்து வகுத்தால் தேர்ச்சி 89 விழுக்காட்டை எட்டவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களை வைத்து வகுத்தால் இன்னும் இறங்கும். தேர்வறைக்கு வராத பிள்ளை பட்டியலில் தோற்றவனாகவும் பதிவாவதில்லை. கணக்கிலேயே இல்லாமல் போகிறான்.

பட்டியலின் அழுத்தம் கூடக்கூட இந்த ஓட்டையும் பெரிதாகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் தேறமாட்டான் என்று தோன்றினால், பெற்றோரை அழைத்து டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வதும், தனித்தேர்வராக எழுதவைக்கலாம் என்று ஆலோசனை தருவதும் தமிழ்நாடு முழுக்க ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்த நடைமுறை. அவன் போனதும் பள்ளியின் விகிதம் உயர்கிறது. மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் அவன் பெயர் ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்பில் போய் விழுகிறது. இன்னொரு பள்ளி அவனை எடுத்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடக்கும்.

நேற்றைய நெல்லையையும் இன்றைய நெல்லையையும் ஒப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. 1986இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலியின் எழுத்தறிவு 82.5 விழுக்காடு. மாநிலச் சராசரி 80.09, கன்னியாகுமரி 91.75, தூத்துக்குடி 86.16, தருமபுரி 68.54. அந்த 82.5க்குள் சங்கரன்கோவிலும் கடையநல்லூரும் செங்கோட்டையும் இருந்தன. எழுத்தறிவிலும் நெல்லை மாநிலச் சராசரியைவிடச் சற்று மேலே இருந்ததே தவிர, முன்வரிசையில் இல்லை. பாளையங்கோட்டையின் புகழ் ஒரு நகரத்தின் புகழ். மாவட்டம் முழுக்க அது பரவியிருந்ததாக நினைத்துக்கொண்டது நம் ஊர்ப்பற்று.

அந்தப் புகழ் சும்மா வந்ததல்ல. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஊர் ஊராகப் பள்ளிகள் தொடங்கினார். பெண் பிள்ளைகளும் அவற்றில் சேர்ந்தார்கள். 1841இல் இடையன்குடிக்குப் போன கால்டுவெல் அந்தத் தேரிக்காட்டில் தேவாலயத்தோடு பள்ளியையும் வளர்த்தார். அவர் மனைவி எலைசா பெண்களுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். சாராள் தக்கர் கல்லூரி, தூய யோவான் கல்லூரி, 1923இல் தூய சவேரியார் கல்லூரி என்று பாளையில் நிறுவனங்கள் வரிசைகட்டின. பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் தனித்தனிப் பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலேயே இங்கே தொடங்கிவிட்டன. ஆற்றுக்கு மேற்கே டவுனில் இந்துக் கல்லூரிப் பள்ளி வளர்ந்தது. பாரதி படித்த பள்ளி அது. மக்களின் சொந்த முயற்சியும் சேர்ந்துகொண்டது. சமூகங்கள் மகமைப் பணத்தில் பள்ளி கட்டின. பிறகு அரசின் கை வந்தது. 1956இல் காமராஜரின் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய எட்டயபுரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்து ஊர். அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதே சேரன்மாதேவி ரயில்வே கேட்டில் மாடு மேய்த்த ஒரு சிறுவனிடம் பேசியபோதுதான் என்று ஆற்றங்கரை ஊர்களில் இன்றும் சொல்வார்கள்.

இந்த வரலாறு விட்டுச்சென்ற அமைப்பு, அரசு உதவி பெறும் பள்ளி. நெல்லை வழக்கில் ‘மேனேஜ்மெண்ட் பள்ளி’. சி.எஸ்.ஐ. சபையின் ‘டி.டி.டி.ஏ. ஸ்கூல்’, கத்தோலிக்க சபையின் ‘ஆர்.சி. ஸ்கூல்’ என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது. கட்டடமும் நிர்வாகமும் சபையுடையது அல்லது அறக்கட்டளையுடையது. கொங்கு நாட்டிலோ காவிரி டெல்டாவிலோ ஏழை வீட்டுப் பிள்ளை யூனியன் பள்ளிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் போகும் இடத்தில், நெல்லைப் பிள்ளை பல ஊர்களில் மேனேஜ்மெண்ட் பள்ளிக்குப் போகிறது. ஊரில் முதலில் வந்த பள்ளி அதுதான். அது இருந்ததால் பல இடங்களில் அரசுப் பள்ளி வரவேயில்லை.

மாநில ஒப்பீட்டில் இது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். ஏழைப் பிள்ளைகளைக் கைதூக்கிவிடும் திட்டங்கள் ‘அரசுப் பள்ளி மாணவர்’ என்ற வரையறையோடு வருகின்றன. 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. உதவி பெறும் பள்ளி மாணவருக்கு அதில் இன்றுவரை இடமில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கு 2024 டிசம்பர் 30 அன்றுதான் விரிவானது; அதை முதலமைச்சர் தூத்துக்குடியில் தொடங்கிவைத்தது பொருத்தம். காலை உணவு 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில், நகர்ப்புறத்தில் உள்ளவற்றுக்கு 2025 ஆகஸ்டில். பாளையங்கோட்டையில் எதிரெதிரே இரு பள்ளிகள் இருந்தால், ஒரு பள்ளிப் பிள்ளைகள் பொங்கலும் சாம்பாரும் சாப்பிடத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழித்தே எதிர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலை போடப்பட்டது. இரண்டிலும் படிப்பது ஒரே தெருப் பிள்ளைகள்.

பட்டியலிலும் இதே குழப்பம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று தேர்ச்சி தனித்தனியே வெளியாகிறது. 2024 பிளஸ் டூவில் உதவி பெறும் பள்ளிகள் அரசுப் பள்ளிகளைவிட நான்கு புள்ளிக்கு மேல் முன்னால் நின்றன. ஆனால் உதவி பெறும் பள்ளி என்பது ஒரே வகை அல்ல. பல வளாகங்களில் தமிழ்வழி உதவிபெறும் பிரிவும், கட்டணம் வாங்கும் ஆங்கிலவழி சுயநிதிப் பிரிவும் ஒரே பெயர்ப்பலகையின்கீழ் நடக்கின்றன. ஒரே கேட், ஒரே மைதானம், ஒரே பிரேயர். கணக்குப் புத்தகம் மட்டும் இரண்டு. பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிச் சேர்த்த காசில் பெண்ணைத் தமிழ்வழிப் பிரிவுக்கு அனுப்பும் முக்கூடல் அம்மாவையும், சுயநிதிப் பிரிவுக்குக் கட்டணம் கட்டும் குடும்பத்தையும் மாவட்டச் சராசரி ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

பள்ளியைவிடக் குடும்பச் சூழலே மாணவர் மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கிறது என்று அமெரிக்காவில் கோல்மன் அறிக்கை 1966லேயே சொன்னது. அதன் அளவுகளைப் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்; ஆனால் குடும்பத்தைக் கணக்கில் எடுக்காமல் பள்ளியை அளக்கக் கூடாது என்பதை யாரும் மறுப்பதில்லை. தாமிரபரணியின் ஓட்டத்தோடு இறங்கிவந்தால் அந்த உண்மை ஊர் ஊராகத் தெரியும். காரையாறு அணைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் பிள்ளைகளுக்குப் பள்ளி என்றாலே காடும் நீர்த்தேக்கமும் குறுக்கே நிற்கும். மாஞ்சோலையில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பங்கள் 2024இல் வேலை இழந்து மலையிறங்க நேர்ந்தபோது, பிள்ளைகளின் பள்ளியும் சேர்ந்து அறுந்தது. கீழே அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மாதேவி என்று நெல்வயல் ஊர்கள். நூறாண்டு பழைய பள்ளிகள். அப்புறம் பாளையும் டவுனும் மேலப்பாளையமும். ஆற்றைவிட்டுத் தெற்கே விலகினால் நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை; மானாவாரிக் காடு, பனை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். இத்தனையும் சேர்த்துத்தான் ஒரே ஒரு விழுக்காடு.

நல்ல பள்ளி எப்படி உருவாகிறது என்பதற்கும் மாவட்டத்துக்குள்ளேயே சான்று உண்டு. டவுனில் கல்லணை மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இடம் கேட்டுப் பெற்றோர் ஆண்டுதோறும் திரள்கிறார்கள். ஆயிரக்கணக்கான மாணவியர் படிக்கும் அந்தப் பள்ளி, நகராட்சி காலத்திலிருந்து உள்ளாட்சி நடத்திவருவது. கட்டணமில்லாத பொதுப் பள்ளியை நடுத்தரக் குடும்பங்களும் தேடி வரும் நிலையை நெல்லை ஏற்கெனவே சாதித்துக் காட்டியிருக்கிறது. ஒரு பள்ளியில் முடிந்தது மற்றவற்றில் ஏன் முடியவில்லை என்று கேட்பது, அரியலூரோடு போட்டிபோடுவதைவிடப் பயனுள்ள ஒப்பீடு.

எந்தப் பட்டியலும் தொடாத இன்னொரு அளவுகோல் இருக்கிறது. நெல்லையில் அதைப் பேசாமல் பள்ளியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 1920களில் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தேசியக் கல்விக்காக ஒரு குருகுலம் நடத்தினார். பொதுப்பணம் பெற்ற அந்தக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது வெளியே தெரிந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் கிளம்பினார்கள். தமிழ்நாட்டு அரசியலின் போக்கே அந்தப் பந்தியில் திரும்பியது. நூறாண்டு கழித்து அதே தாமிரபரணிக் கரையில் பந்தி ஒன்றாகிவிட்டது; பிரிவினை கைக்கு ஏறிவிட்டது. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. எந்த நிறச் சேர்க்கை எந்தத் தெரு என்பது ஏழாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும்; பஸ்ஸில் எந்தப் பக்கம் நிற்பது, இடைவேளையில் யாரோடு தண்ணீர்க் குழாய்க்குப் போவது என்பதை அது முடிவு செய்கிறது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கயிறு பற்றிய தகராறு அடிதடியாகி, பிளஸ் டூ மாணவன் ஒருவன் உயிரிழந்தான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்து மாணவன் ஒருவனை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்து மீண்ட அந்த மாணவன் 2024 பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 எடுத்தான். மாவட்டத்தின் தேர்ச்சி விகிதத்தில் அவன் ஒரு ‘தேர்ச்சி’. வகுப்புத் தோழர்களின் கையிலேயே வெட்டுப்படும் நிலைக்கு அவனை விட்ட பள்ளிச் சூழலுக்கு அந்த விகிதத்தில் ஒரு தசமப் புள்ளிகூடக் குறையவில்லை. கற்றல் அடைவை அளக்கும் நாம், ஒரு பிள்ளை அச்சமில்லாமல் பள்ளிக்குப் போய்த் திரும்புகிறதா என்பதை அளப்பதில்லை.

அந்தச் சம்பவத்தையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு போன்ற சாதி அடையாளங்களைத் தடுப்பது, ஐந்நூறு மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலரை நியமிப்பது எனப் பல பரிந்துரைகள் அதில் உண்டு. எதிர்ப்புகளும் வந்தன. ஆனால் பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்தனவா என்பதை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால், அது எந்தத் தேர்ச்சிப் பட்டியலையும்விட மேலான ஒப்பீடாக இருக்கும்.

ஒப்பீடே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அல்ல. ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் வட மாவட்டங்களின் பத்தாம் வகுப்புச் சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. இங்கிலாந்து 1992 முதல் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிட்டது. வேல்ஸ் 2001இல் அந்த வழக்கத்தை நிறுத்தியது. முன்னதில் பள்ளிகள் எண்ணுக்காகப் பாடம் நடத்தின என்ற குற்றச்சாட்டும், பின்னதில் பொறுப்புக்கூறல் தளர்ந்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தன. நமக்குத் தேவை மறைக்காத பட்டியல்.

அதற்கான கருவிகள் கையிலேயே இருக்கின்றன. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் உண்டு. ஆறாம் வகுப்பில் சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் பிளஸ் டூவைத் தேறினார்கள், எத்தனை பேர் காமன் பூலில் தங்கினார்கள் என்று ஒன்றிய அளவில் சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிக்குப் பலன் கிடைக்காது. நழுவும் பையனைப் பிடித்துவைக்கும் பள்ளிக்குப் பெருமை கிடைக்கும். அரசுப் பள்ளியோடு உதவி பெறும் தமிழ்வழிப் பிரிவையும் சேர்த்து ‘கட்டணமில்லாப் பள்ளி’ என்று ஒரே வகையாகக் கணக்கிடலாம். அப்போது நெல்லையின் ஏழைப் பிள்ளையும் ஈரோட்டின் ஏழைப் பிள்ளையும் முதல்முறையாக ஒரே தராசில் வருவார்கள். அடித்தளத்தையும் அளக்கலாம். பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் 2022ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வில், தமிழ்நாட்டு ஊரகத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபதில் ஒருவர்தான். கொரோனா ஊரடங்கின் பாதிப்பு அதில் உண்டு. பிறகு வந்த ஆய்வில் ஓரளவு மீட்சியும் தெரிந்தது. ஆனாலும் பிளஸ் டூவில் 95 விழுக்காடு காட்டும் மாநிலம், மூன்றாம் வகுப்பின் எண்ணைக் கண்டு பதறியிருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் மாநிலத் திட்டக்குழு 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நடத்திய அடைவுத்தேர்வு சரியான திசையில் ஒரு நகர்வு. அது ஆண்டுதோறும் நடக்க வேண்டும். மே மாதப் பட்டியலுக்குக் கிடைக்கும் கவனம் அதற்கும் கிடைக்க வேண்டும்.

இந்தக் கணக்குகளை வெளியிட அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும், பள்ளி நடத்தும் மறைமாவட்டங்களும் அறக்கட்டளைகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நிலைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள், சாதிச் சண்டை எத்தனை நடந்தது, அதற்கு என்ன செய்தோம் என்று ஒன்றியவாரியாக ஊரறியச் சொல்லலாம். முதல் சில ஆண்டுகள் அந்த எண்கள் நம்மைத் தலைகுனியவைக்கும். பரவாயில்லை. எல்லாப் பிள்ளைக்கும் பள்ளி என்று இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஊர் ஊராகத் தொடங்கிய மண் இது. உண்மையான கணக்கை முதலில் சொல்லும் மாவட்டம் என்ற இடத்துக்கு நெல்லை போட்டியிடட்டும். அந்த முதலிடத்துக்காக உழைப்பதில் எந்தப் பிள்ளைக்கும் இழப்பில்லை.